கருவிக்கு மானியம்; ஆசிரியருக்கு?

மானியம் என்னும் சொல் ஈழத்துப் பாடசாலைகளுக்குப் புதியதன்று. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பெற்றதை அடுத்து, மிசன் சங்கங்களும் பிறரும் நடாத்திய பாடசாலைகளுக்கு அரசாங்கம் உதவி நன்கொடை வழங்கிவந்தது. அந்நன்கொடை ஒரு நிபந்தனையுடன் வந்தது. பரிசோதகர் ஆண்டுக்கொருமுறை வருவார். பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குச் செய்யச் சொல்வார். தேறியோர் தொகைக்கேற்பப் பணம் கணிக்கப்படும். பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு எனப்பட்ட இம்முறை, இங்கிலாந்தில் றொபேட் லோ என்பார் 1862இல் நடைமுறைக்குக் கொணர்ந்த விதிகளின் சாயலில் அமைந்தது. விளைவு எவ்வாறிருந்திருக்கும் என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்போர் எளிதில் ஊகிப்பர். பரிசோதகர் கேட்பது எதுவோ அதுவே பாடமாயிற்று. அவர் கேளாதது வகுப்பறையை விட்டு மெல்ல அகன்றது.

அம்முறை மறைந்து நெடுங்காலமாயிற்று. நன்கொடை பெறும் பாடசாலைகளும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் அரசாங்கத்தின் வசமாயின. ஆயினும் அன்று விளங்கிய உண்மையொன்று இன்றைக்கும் பொருந்துவது. பாடசாலைக்கு வரும் பொதுப்பணத்தின் அளவைக் காட்டிலும், அது எந்த உருவத்தில், எத்தனை காலத்துக்கு, எதற்கென்று பெயரிட்டு வருகின்றது என்பதே வகுப்பறையில் நிகழ்வதைத் தீர்மானிக்கின்றது. கணினி, இணையம், கைக்கணினி, இப்பொழுது செயற்கை நுண்ணறிவு என்று கற்றற் கருவிகளின் பெயரால் அரசாங்கங்கள் பணத்தை வழங்கிவரும் இக்காலத்தில் இதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். நோக்குவதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளை எடுத்துக்கொள்கின்றேன். அந்நாட்டின் செல்வம் நமக்கு முன்மாதிரியாகாது. ஆனால் அங்கே வெற்றியும் தோல்வியும் காங்கிரஸ் விசாரணைகளிலும் ஆய்வுகளிலும் பத்திரிகைகளிலும் பதிவாகிக் கிடக்கின்றன. பிறர் தவறுகளை அவர்தம் ஏடுகளிலிருந்தே படித்தறியும் வாய்ப்பு எளிதிற் கிட்டுவதன்று.

அந்நாட்டின் அமைப்பை முதலில் ஒரு வார்த்தையிற் கூறிவிடலாம். கல்வி அங்கே மாநிலங்களின் பொறுப்பு. ஏறத்தாழ 13,000 கல்வி வட்டாரங்கள் தத்தம் பாடசாலைகளை நடாத்துகின்றன; செலவிற் பெரும்பகுதி மாநில வரியாலும் உள்ளூர் நிலவரியாலும் நிரப்பப்படுகின்றது. வொஷிங்டனிலுள்ள மத்திய அரசாங்கம் தருவது வழக்கமான ஆண்டுகளிற் பத்திலொரு பங்களவுதான். ஆகவே மத்திய அரசாங்கம் ஆணையிட்டு நடாத்த முடியாததை மானியம் கொடுத்து நடாத்தப் பார்க்கின்றது.

1957 ஒக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை வானில் ஏவியபோது இந்த வழக்கம் புதுவேகம் பெற்றது. மறு ஆண்டு செப்டெம்பரில் ஜனாதிபதி ஐசனோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு விஞ்ஞானம், கணிதம், பிறநாட்டு மொழிகள் ஆகியவற்றைக் கற்பிப்பதற்கான உபகரணங்களை வாங்க மாநிலங்களுக்குப் பணம் தந்தது. மாநிலம் ஒரு டொலர் இட்டால் மத்திய அரசாங்கம் ஒரு டொலர் இடும். ஒலிநாடாப் பொறியும் காதொலிக் கருவியும் பொருத்தப்பட்ட மொழி ஆய்வுகூடங்கள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் எழுந்தன. ஆசிரியருக்கான கோடைகாலப் பயிற்சி நிலையங்களும் அதே சட்டத்தில் இருந்தன என்பதைக் கூறாதுவிடுவது நேர்மையன்று. ஆயினும் பிரஞ்சு மொழியைக் கற்பிக்க வல்ல ஒருவரை உருவாக்குவதிலும் பார்க்க முப்பது காதொலிக் கருவிகளுக்குக் கட்டளை அனுப்புவது எளிது. 1960களின் பிற்பகுதியிற் பென்சில்வேனியாவில் நடாத்தப்பெற்ற பேராய்வு, ஆய்வுகூடங்களால் மாணவர் அடைந்த நயம் பழைய முறையினின்றும் வேறுபட்டதாகத் தெரியவில்லை என்றது. அடுத்த பத்தாண்டிற் பல கூடங்கள் தூசு படிந்தன.

இதனினும் துணிவான பரிசோதனையொன்று பசிபிக் சமுத்திரத்தில் நடந்தது. அமெரிக்க சமோவா என்னும் சிறு தீவுக்கூட்டத்துக்கு 1961இல் ஆளுநராக வந்த றெக்ஸ் லீ, அங்குள்ள பாடசாலைகளின் நிலை கண்டு கவன்றார். ஆசிரியர்களிற் பலர் தாமே ஆங்கிலத்தை அரைகுறையாகக் கற்றவர், கட்டடங்களோ சிதைந்தவை. அமெரிக்காவிலிருந்து நூற்றுக்கணக்கான ஆசிரியரை அழைத்துவருவதற்குப் பதிலாக, ஒரு சிலரை மட்டும் வருவித்து அவர்தம் பாடத்தை எல்லா வகுப்பறைகளுக்கும் தொலைக்காட்சியில் அனுப்பலாம் என்று அவர் கருதினார். காங்கிரஸ் பணம் ஒதுக்கிற்று. பாகோ பாகோத் துறைமுகத்துக்கு மேலாக எழும் அலாவா மலையுச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் நிறுவப்பட்டது. அதற்குச் சென்று வரத் துறைமுகத்தின் குறுக்கே கம்பிவழி ஊர்தியொன்றும் அமைக்கப்பட்டது. 1964 ஒக்டோபர் முதலாக ஆறு அலைவரிசைகளிற் பாடங்கள் ஓடின. ஓலைக்கூரை வீடுகள் இருந்த ஊர்களிற் பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டியை நோக்கி அமர்ந்து ஆங்கிலம் ஒப்புவித்தனர். 1966இல் ஜனாதிபதி ஜோன்சன் நேரில் வந்து கண்டு மகிழ்ந்தார். பிறநாட்டு நிபுணர் பலரும் அங்கே யாத்திரை சென்றனர்.

தொடக்கத்திற் பயன் இல்லாமலில்லை. சிறுவரின் ஆங்கிலம் சிறிது தேறிற்று. ஆனால் வகுப்பறையில் நின்ற சமோவ ஆசிரியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பாடம் எப்பொழுது தொடங்கும், எப்பொழுது முடியும், எதை வினவவேண்டும் என்பன எல்லாம் தொலைவிலுள்ள நிலையமொன்றில் முடிவாகும். அவர் செய்யவேண்டியது பெட்டியின் முன்னும் பின்னும் சில நிமிடம் அதற்கு உதவுவது. பின்தங்கிய பிள்ளைக்காகப் பெட்டி நின்று காத்திராது. விரைந்து பிடிக்கும் பிள்ளைக்காக முந்திச் செல்லாது. ஆண்டுகள் செல்ல ஆசிரியரின் கல்வித்தகைமை உயர்ந்தது. அவர்தம் மனக்குறையும் உயர்ந்தது. உயர்வகுப்பு மாணவர் வெளிப்படையாகவே சலிப்புற்றனர். 1970களின் நடுப்பகுதிக்குள் தொலைக்காட்சி முதலிடத்தினின்றும் இறங்கி, வேண்டியபோது பயன்படும் துணைக்கருவியாயிற்று. வில்பர் ஷ்ராம் முதலானோர் 1981இல் வெளியிட்ட ஆய்வுநூல் இவ்வரலாற்றை விரிவாகப் பதிந்துள்ளது. ஆசிரியர் தேர்ச்சியடைந்தபோது கருவி பின்வாங்கிற்று என்பதே அதிற் கவனிக்கத்தக்கது. நல்ல ஆசிரியர் இல்லாக் குறையை நிரப்பவே அது வந்தது. குறை ஓரளவு நிரம்பியதும் அதுவே இடையூறாகத் தோன்றிற்று.

கணினியின் காலத்துக்கு வருவோம். 1996 பெப்ரவரியில் ஜனாதிபதி கிளின்டன் ஒப்பமிட்ட தொலைத்தொடர்புச் சட்டம், பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் இணையத் தொடர்பைக் குறைந்த விலையிற் பெற்றுத்தரும் ஏற்பாடொன்றை உள்ளடக்கியிருந்தது. ஈ-றேற் எனச் சுருக்கமாக வழங்கும் இத்திட்டத்தின் அமைப்பு ஆராயத்தக்கது. பணம் திறைசேரியிலிருந்து வருவதில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கட்டும் பங்குத்தொகையிலிருந்து, அதாவது ஈற்றில் மக்களின் தொலைபேசிப் பட்டியலிலிருந்து வருகின்றது. பாடசாலைக்குக் காசு கையளிக்கப்படுவதுமில்லை. கட்டணத்தில் நூற்றுக்கு 20 முதல் 90 வீதம் வரை கழிவு கிடைக்கும். வறிய பிள்ளைகள் மிகுந்த பாடசாலைக்குக் கழிவு அதிகம். நாட்டுப்புறமாயின் இன்னுஞ் சிறிது அதிகம். ஆண்டொன்றுக்கு 225 கோடி டொலர் என்பது தொடக்கத்தில் விதிக்கப்பட்ட உச்சவரம்பு. 2014இல் அது 390 கோடியாக உயர்த்தப்பட்டது.

இது ஆண்டுதோறும் வரும் பணம் என்பதை வாசகர் குறித்துக்கொள்ளல் வேண்டும். வந்து போகும் வெள்ளமன்று, வாய்க்கால். பயனும் அதற்கேற்றவாறே அமைந்தது. 1994இல் அமெரிக்க அரசாங்கப் பாடசாலைகளின் வகுப்பறைகளில் நூற்றுக்கு 3 மட்டுமே இணையத் தொடர்பு உடையனவாயிருந்தன. 2003இல் நூற்றுக்கு 93. முழுப் பெருமையையும் ஒரு திட்டத்துக்கே கொடுத்தல் முறையன்றெனினும், வறிய வட்டாரங்கள் செல்வ வட்டாரங்களோடு ஏறத்தாழ ஒருசேர நடந்தமைக்கு அந்தக் கழிவுமுறையே முக்கிய காரணம் என்பதை மறுப்பார் அரியர்.

ஆனால் ஈ-றேற் கம்பியை மட்டுமே அறியும். கணினி வாங்க அதில் இடமில்லை. ஆசிரியரைப் பயிற்றவும் இடமில்லை. இதனால் விபரீதங்களும் நேர்ந்தன. கழிவு நூற்றுக்கு 90 வீதமாகும்போது வாங்குவோன் விலையைப் பாரான். விற்போன் அதை அறிவான். புவேர்ட்டோ றிக்கோ தீவில் 10 கோடி டொலரளவு பணம் பெறப்பட்ட பின்னும் மிகச் சில கணினிகளே இணைக்கப்பட்டிருந்தன என்பதும், பெருந்தொகை உபகரணங்கள் பிரிக்கப்படாத பொதிகளாகக் களஞ்சியத்தில் ஆண்டுக்கணக்கிற் கிடந்தன என்பதும் 2004இல் நடந்த காங்கிரஸ் விசாரணையில் வெளியாயின.

பிரிக்கப்படாத பொதி என்றதும் என் நினைவுக்கு வருவது ஒரு திறப்பு. பல ஆண்டுகளுக்கு முன் நான் கற்பித்த பாடசாலையொன்றுக்கு (ஊரும் பெயரும் வேண்டா) ஒரு திட்டத்தின் நிதியில் இருபது கணினிகள் வந்தன. அறைக்குச் சீலை போட்டார்கள், குளிரூட்டி பூட்டினார்கள், வாயிலில் உதவி நல்கியோர் பெயரைக் கல்லிற் பொறித்தார்கள். திறப்பு விழாவின் பின்னர் அறையின் திறப்பு அதிபரின் மேசை இழுப்பறைக்குட் சென்றுவிட்டது. பிள்ளைகள் கிழமைக்கொருமுறை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோயிலுக்குட் புகுவதுபோற் புகுவர். அதிபரைக் குறை கூறுவதற்கில்லை. பொருட்பதிவேட்டில் இருபது கணினிக்கும் கையொப்பமிட்டவர் அவர். ஒன்று பழுதானால் திருத்துவதற்குத் திட்டத்திற் பணமில்லை. தொலைந்தால் விளக்கம் எழுதவேண்டியவரும் அவரே. பாவித்தால் ஆபத்து, பூட்டிவைத்தால் பாதுகாப்பு என்பது அவர் தாமாகக் கண்ட முடிவன்று. மானியம் வந்த முறை அதை அவருக்குக் கற்பித்தது. நம் நாட்டில் வெளிநாட்டுக் கடனிலும் உதவியிலும் எழுந்த கணினிக்கூடங்களில் ஆசிரியராயிருந்தோர் பலருக்கு இக்கதை பழகிய கதையாயிருக்கும்.

அமெரிக்கச் சட்டசபையினர் இதை உணராதவரல்லர். 2002 ஜனவரியில் ஜனாதிபதி புஷ் கையொப்பமிட்ட கல்விச் சட்டத்திற் கல்வித் தொழில்நுட்பத்துக்கெனத் தனி மானியமொன்று இருந்தது. தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 70 கோடி டொலர். அதில் ஒரு வாசகம்: வட்டாரம் பெறும் தொகையிற் குறைந்தது நான்கிலொரு பங்கை ஆசிரியரின் தொழிற் பயிற்சிக்குச் செலவிட்டே ஆகவேண்டும். சிறிய வாசகம், ஆனால் பாடசாலைக்கு வந்த விற்பனையாளரிடம் அதிபர் சொல்வதற்கு அது ஒரு விடையைத் தந்தது. முழுப்பணத்தையும் உன்னிடம் தரச் சட்டம் இடங்கொடாது என்பதே அவ்விடை. பயிற்சி என்ற பெயரில் ஒருநாட் சொற்பொழிவும் மதிய உணவும் வழங்கிக் கணக்கு முடித்த வட்டாரங்களும் இருந்திருக்கலாம். அது நமக்கும் தெரிந்த கலைதான். எனினும் ஆசிரியரைக் கற்பிப்பது விருப்பமன்று, கடமை என்று சட்டம் பேசிற்று.

அந்த மானியத்துக்கு நேர்ந்த கதி வருத்தத்துக்குரியது. ஆண்டுக்காண்டு குறைக்கப்பட்டது. பொருளாதார நெருக்கடியின்போது, 2009இல், 65 கோடி டொலர் ஒரேயடியாக வந்தது. மறு ஆண்டு 10 கோடி. அதற்கு மறு ஆண்டு ஒன்றுமில்லை. கம்பிக்கான பணம் தொடர்ந்தது. கம்பியின் முனையில் நிற்பவருக்கான பணம் நின்றது.

அந்த இடைவெளியில் நிகழ்ந்ததே லொஸ் ஏஞ்சல்ஸ் விவகாரம். நாட்டில் இரண்டாவது பெரிய கல்வி வட்டாரம் அது. அப்பொழுது ஏறத்தாழ 6 இலட்சத்து 50 ஆயிரம் மாணவர். அங்கே 2013 யூனில் ஒவ்வொரு மாணவர் கையிலும் அப்பிள் நிறுவனத்தின் ஐபேட் ஒன்றைக் கொடுப்பது என்று கல்விச்சபை தீர்மானித்தது. முதற் கட்டம் 3 கோடி டொலர். முழுத் திட்டமும் கம்பியில்லா இணைய வசதியும் சேர 130 கோடி டொலர் வரை செல்லும் என மதிக்கப்பட்டது. நோக்கம் குறைகூறத்தக்கதன்று. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது வறியவர் வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கவேண்டும் என்பதே அதன் வாதம். அவ்வட்டாரத்தின் மாணவரிற் பெரும்பாலோர் வறிய குடும்பத்தினர். அவ்வாதத்தைக் கேட்டோர் மனம் இரங்கியதில் வியப்பில்லை.

பணம் எங்கிருந்து வந்தது? பாடசாலைக் கட்டடங்களைக் கட்டவும் திருத்தவும் வாக்காளர் அனுமதித்த கடன்பத்திரங்களிலிருந்து. அக்கடன் இருபத்தைந்து ஆண்டளவிற் கட்டித் தீர்க்கப்படுவது. கைக்கணினியின் ஆயுளோ மூன்று நான்கு ஆண்டு. அதனுட் பியர்சன் நிறுவனம் இட்டுத்தந்த பாடத்திட்ட மென்பொருளின் உரிமம் மூன்று ஆண்டு. இன்று ஏழாம் வகுப்பில் ஐபேட்டைத் தடவும் பிள்ளை, தன் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் நாளிலும் அதற்கான வட்டியை வரியாகச் செலுத்திக்கொண்டிருக்கும். கடன்பத்திரப் பணத்தைக் கட்டடத்துக்கும் உபகரணத்துக்கும் செலவிடலாம். ஆசிரியர் சம்பளத்துக்குச் செலவிட முடியாது. ஆகவே சபையினர் முன் இருந்த தெரிவு ஆசிரியரா கருவியா என்பதன்று. கருவியா, கூரையா என்பதே. மழைக்கு ஒழுகும் வகுப்பறைகளைக் கொண்ட பாடசாலைகளின் ஆசிரியர்கள் இதைக் கேட்டு என்ன நினைத்திருப்பர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இலையுதிர் காலத்தில் ஐபேட்டுகள் வகுப்புக்கு வந்தன. றூஸ்வெல்ற் உயர்தரப் பாடசாலையில் ஏறத்தாழ 300 மாணவர் சில நாட்களுக்குள் அவற்றின் காவலமைப்பை நீக்கிவிட்டுத் தாம் விரும்பிய தளங்களுக்குச் சென்றனர். பத்திரிகைகள் இதனைப் பெருங் குற்றம்போல் எழுதின. எனக்கோ, அத்திட்டத்தில் மாணவர் தாமாகக் கற்றுக்கொண்ட முதற் பாடம் அதுவாயிருக்கலாம் என்று தோன்றுவதுண்டு. மாநிலப் பரீட்சையைக் கணினியில் எழுத விசைப்பலகை வேண்டும் என்பது பின்னரே நினைவுக்கு வந்தது. அதற்கு வேறு செலவு. பியர்சனின் பாடங்கள் முற்றுப்பெறாமலே கையளிக்கப்பட்டிருந்தன. ஆசிரியருக்கு அளிக்கப்பட்ட பயிற்சி சில நாட்கள். அதுவும் பெரும்பாலும் கருவியை இயக்குவது எப்படி என்பது பற்றியது. அதைக் கொண்டு பின்னத்தை விளக்குவது எப்படி என்பது வேறு கல்வி.

2014 ஆகஸ்டில், கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன்னரே அதிகாரிகள் விற்பனை நிறுவனங்களுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தமை வெளியாயிற்று. ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது, ஒக்டோபரிற் கல்வி அத்தியட்சகர் பதவி விலகினார், டிசெம்பரில் மத்திய புலனாய்வுத் துறையினர் வந்து ஆவணப் பெட்டிகளைக் கொண்டுசென்றனர். ஈற்றில் எவர்மீதும் குற்றவழக்குத் தொடரப்படவில்லை. 2015இல் அப்பிள் நிறுவனம் 42 இலட்சம் டொலர் கொடுத்து இணக்கங் கண்டது. குற்றவாளியைத் தேடுவோர்க்கு இது ஏமாற்றமாயிருக்கும். ஆனால் ஒரு திருடனும் இல்லாமலே இத்தனை பணம் பயனற்றுப் போகலாம் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அது திருட்டைக் காட்டிலும் கவலைக்குரியது.

இதே கருத்து, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கணினி என்ற கருத்து, பத்தாண்டுக்கு முன்னரே மெயின் என்னும் சிறிய வடகீழ் மாநிலத்திற் செயற்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் மாநிலத் திறைசேரியில் எதிர்பாராத உபரி ஏற்பட்டபோது ஆளுநர் அங்கஸ் கிங் இதனை முன்மொழிந்தார். ஏளனம் செய்தோர் பலர். ஈற்றில் 2002 முதல் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கப்பட்டது. நான்கு ஆண்டுக்கான ஒப்பந்தம் 3 கோடியே 72 இலட்சம் டொலர். லொஸ் ஏஞ்சல்ஸ் முதற் கட்டத்துக்குச் செலவிட்டதைவிடச் சற்றே அதிகம். வேறுபாடு எங்கே? முதலில் ஒன்பது பாடசாலைகளிற் பரீட்சித்துப் பார்த்தனர். ஒவ்வொரு பாடசாலையிலும் சக ஆசிரியர்க்கு வழிகாட்ட ஓர் ஆசிரியரைத் தெரிந்தனர். பழுதுபார்ப்பும் பயிற்சியும் விலைக்குள்ளேயே அடங்கின. எட்டாம் வகுப்பினரின் எழுத்துத் திறனில் நியமத்தை எட்டியோர் 2000இல் நூற்றுக்கு 29 ஆயிருந்தனர். 2005இல் 41 ஆயினர் என மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு கண்டது. எழுதி, அழித்து, திருத்தி, மீண்டும் எழுதுதல் கணினியில் எளிது. அதைச் செய்யவைக்கும் ஆசிரியர் அருகிலிருந்தார். கணிதத்திலோ ஏனைய பாடங்களிலோ பின்வந்த ஆண்டுகளிற் பெரும் பாய்ச்சல் எதுவும் காணப்படவில்லை என்பதும் உண்மை. மெயினைப் புகழ்வோர் இதனை மறைத்தல் கூடாது.

இவ்வனுபவங்களிலிருந்து சட்டம் ஏதும் கற்கவில்லையென்று சொல்வதற்கில்லை. 2015 டிசெம்பரில் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட கல்விச் சட்டம், அதன் நான்காம் பிரிவின் கீழ்த் தொழில்நுட்பத்துக்கென ஒதுக்கப்படும் பணத்தில் நூற்றுக்கு 15 வீதத்துக்கு மேற் கருவிக்கும் அதன் கட்டமைப்புக்கும் செலவிடலாகாது என்று வரையறுத்தது. பழைய சட்டம் ஆசிரியருக்குக் குறைந்த அளவை விதித்தது. புதியது கருவிக்குக் கூடிய அளவை விதித்தது. இரண்டாவது இன்னுங் கண்டிப்பானது. ஆனால் 2020இற் கொள்ளைநோய் வந்து பாடசாலைகள் மூடப்பட்டதும் அவ்வரம்பு தளர்த்தப்பட்டது. அது தவறென்று கூறமாட்டேன். நம்மூரிலும் 2021இல் ஊவாவின் மலைக்கிராமங்களிற் பிள்ளைகள் கைத்தொலைபேசியின் சமிக்ஞை தேடிக் குன்றேறியதையும் மரமேறியதையும் படங்களிற் கண்டவர்கள், அந்நேரத்திற் கருவியே கல்வியின் வாயிலாயிருந்தது என்பதை மறக்கமாட்டார்கள்.

அதன் பின்னர் வந்தது வெள்ளம். 2020 மார்ச்சுக்கும் 2021 மார்ச்சுக்கும் இடையில் மூன்று சட்டங்களால் அமெரிக்கப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ 19,000 கோடி டொலர் நிவாரணமாக வழங்கப்பட்டது. வறிய வட்டாரங்களுக்குப் பெரும்பங்கு சென்றது. வீடுகளிலிருந்து கற்போர்க்குக் கணினியும் இணையமும் பெற்றுத்தர வேறாக 717 கோடி டொலர். இரண்டுக்கும் முடிவுநாள் குறிக்கப்பட்டிருந்தது. முதலாவதின் இறுதித் தவணையை 2024 செப்டெம்பர் 30ஆம் நாளுக்குள் ஒப்பந்தமாக்கிவிட வேண்டும். இரண்டாவது அதே ஆண்டு யூன் மாதத்துடன் முடிந்தது.

முடிவுநாள் உள்ள பணத்தை அதிபர் ஒருவர் எவ்வாறு செலவிடுவார்? ஆசிரியர் ஒருவரை நியமித்தால் மூன்றாம் ஆண்டு அவரை வீட்டுக்கு அனுப்பவேண்டிவரும். கணினிக்கு ஓய்வூதியம் இல்லை, தொழிற்சங்கமும் இல்லை. தயக்கத்தைத் துறந்து ஆசிரியரையும் தனிப்பயிற்சியாளரையும் நியமித்த வட்டாரங்கள் பலவுண்டு. அவற்றிற் சில 2024இல் ஆட்குறைப்புச் செய்தன. ஹார்வார்டு, ஸ்டன்போர்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2024இல் வெளியிட்ட கணிப்பின்படி, மாணவர் ஒருவருக்கு 1,000 டொலர் செலவிட்டமை கணிதத்தில் ஓராண்டுக் கல்வியில் நூற்றுக்கு 3 பங்களவு முன்னேற்றம் தந்தது. சிறிது, ஆனால் இல்லையென்பதற்கில்லை.

கணினிகளோ முதுமையடைந்தன. அமெரிக்க வகுப்பறைகளிற் பெருகியிருக்கும் குரோம்புக் கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்படும் நாள் ஒன்று முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். அந்நாளின் பின் உடல் நலமாயிருந்தும் அவை பரீட்சைக்கு உதவா. நுகர்வோர் அமைப்புகள் கிளர்ச்சி செய்ததன் பின் 2023 செப்டெம்பரில் கூகிள் நிறுவனம் அக்காலத்தைப் பத்து ஆண்டாக நீட்டிற்று. நிவாரணப் பணத்தில் வாங்கியவற்றை மாற்றும் காலம் வரும்போது நிவாரணம் இராது என்பது வாங்கிய நாளிலேயே தெரிந்த செய்தி.

இனி 2025ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள். மார்ச்சில், மத்திய கல்வித் திணைக்களத்தில் ஆட்குறைப்பு நடந்தபோது, பாடசாலைகளுக்குத் தொழில்நுட்பம் பற்றி ஆலோசனை கூறிவந்த அலுவலகம் மூடப்பட்டது. யூன் 27ஆம் நாள், ஈ-றேற் திட்டத்துக்கு ஆதாரமான நிதியின் சட்டத்தகைமையை எதிர்த்த வழக்கில் உயர் நீதிமன்றம், நீதியரசர் எலீனா கேகன் எழுதிய தீர்ப்பின் மூலம், ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அந்நிதியை நிலைநிறுத்திற்று. தீர்ப்பு மறுபுறம் சாய்ந்திருந்தால் இருபத்தேழு ஆண்டு ஓடிய வாய்க்கால் வறண்டிருக்கும். வறிய வட்டாரங்கள் மூச்சுவிட்டன. ஆனால் மூன்று மாதங் கழித்து, செப்டெம்பர் 30ஆம் நாள், அதே நிதியை நிர்வகிக்கும் தொடர்பாடல் ஆணைக்குழு, பாடசாலைப் பேருந்துகளில் இணைய வசதிக்கும், வீட்டில் இணையமில்லாப் பிள்ளைக்கு இரவலாகக் கொடுக்கும் சிறு இணைப்புக் கருவிக்கும் இனி அதிற் பணமில்லை என்று முடிவு செய்தது. நாட்டுப்புறத்தில் ஒன்றரை மணிநேரம் பேருந்திற் செல்லும் பிள்ளைக்கு அந்த இருக்கையே படிப்பறையாயிருந்தது. சட்டம் வகுப்பறை என்றே கூறுகின்றது, பேருந்து வகுப்பறையாகாது என்பது ஆணைக்குழுவின் வாதம். சொல்லுக்குப் பொருள் காண்பதில் அவர்கள் தவறினர் என்று உறுதியாகக் கூற நான் சட்டவறிஞனல்லன். பிள்ளையின் இரவு வீட்டுவேலை அச்சொல்லுக்கு வெளியே நின்றுவிட்டது என்பது மட்டும் தெரிகின்றது.

அதே ஆண்டு ஏப்பிரிலில், செயற்கை நுண்ணறிவைப் பாடசாலைகளிற் பரப்புவது பற்றி ஜனாதிபதி டிறம்ப் ஆணையொன்று பிறப்பித்தார். யூலை 22ஆம் நாள் கல்வித் திணைக்களம் சுற்றறிக்கையொன்றை அனுப்பிற்று. நடைமுறையிலுள்ள மத்திய மானியங்களைச் செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்படும் பாடப்பொருள்களுக்கும், அதன் துணையோடு நடக்கும் தனிப்பயிற்சிக்கும், வழிகாட்டலுக்கும் செலவிடலாம் என்பது அதன் சாரம். புதிய பணம் அதில் இல்லை. பழைய பணத்துக்குப் புதிய வழி திறந்துவிடப்பட்டது. ஆசிரியரின் இடத்தை அது கொள்ளலாகாது என்ற நல்லுரையும் உடன் உண்டு. ஆனால் 2002இல் எழுதியதுபோல் ஆசிரியருக்கு இத்தனை பங்கு என்ற எண் அச்சுற்றறிக்கையில் எங்கும் இல்லை. விற்பனையாளர் அடுத்த தவணைக்கு வரும்போது அதிபர் எடுத்துக்காட்டுவதற்கு அவரிடம் உள்ளது அந்நல்லுரை மட்டுமே. ஐயம் எழுந்தாற் கேட்பதற்கு இருந்த அலுவலகம் நான்கு மாதம் முன்னரே மூடப்பட்டுவிட்டது.